பெதும்பை

இரவு விளக்கை அணைத்த பிறகுதான் என் மகள் அதைச் சொன்னாள். "அம்மா, இங்கே ஒரு கட்டி இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது."

அப்போது அவளுக்கு ஒன்பதரை வயது. இடது மார்புக் காம்பின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. மூன்று வாரங்களாக அவளுக்கு அது தெரியும். புற்றுநோயாக இருக்குமோ என்று எங்கோ கேட்ட சொல்லை வைத்துக்கொண்டு, அத்தனை நாளும் தனியாகப் பயந்திருக்கிறாள். வெளிச்சத்தில் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றிரவு நானும் தூங்கவில்லை.

மறுநாள் மருத்துவர் தொட்டுப் பார்த்து, முகம் மாறாமல் சொன்னார்: "பருவமடையத் தொடங்கியிருக்கிறாள். முதலில் ஒரு பக்கம் வரும், சில மாதங்களில் மறுபக்கமும் வந்துவிடும். கொஞ்ச நாள் வலி இருக்கும், அவ்வளவுதான்." எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதே வயதைக் கடந்து வந்தவள். என் உடலிலும் இதே கட்டி இதே இடத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் அது என் நினைவில் இல்லை. பருவமடைதல் என்றால் முதல் உதிரப்போக்கு, அதற்கு முன் ஒன்றுமில்லை என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"வயதுக்கு வந்துவிட்டாள்" என்கிறோம். அந்தச் சொற்றொடருக்குள் இருப்பது ஒரே ஒரு நாள். உடலின் கணக்கிலோ அது நான்கைந்து ஆண்டுகள். மார்பு அரும்புவது பெரும்பாலான சிறுமிகளுக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அதற்கு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மாதவிடாய். ஆக, நாம் தொடக்கமாக எண்ணும் நாள் அந்தப் பயணத்தில் ஏறத்தாழப் பாதி கடந்த பிறகு வருவது. வில்லியம் மார்ஷல், ஜேம்ஸ் டேனர் என்ற இரண்டு பிரிட்டன் மருத்துவர்கள் 192 சிறுமிகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1969இல் இந்த வரிசையை எழுதிவைத்தார்கள். அவர்கள் பகுத்த ஐந்து படிநிலைகளைத்தான் இன்றும் குழந்தைகள் நல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, மறந்துபோயிருந்த ஒரு தமிழ்ச் சொல் நினைவுக்கு வந்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பெண்பாற் பருவங்கள். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பெதும்பை என்பது 8 முதல் 11 வயது வரை. குழந்தையும் அல்லாத, மங்கையும் அல்லாத அந்த நடு வயதுக்கு நம் மொழி தனியாக ஒரு பெயரையே ஒதுக்கி வைத்திருந்திருக்கிறது. அந்தப் பெயர் இன்று யார் வாயிலும் இல்லை. பெயர் போனதோடு பேச்சும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பெதும்பையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. மங்கையான அன்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொல்கிறோம். அந்த வேளையில் அவள் பயந்துபோயிருப்பாள். எதுவும் காதில் ஏறாது.

அதனால் என் மகளிடம் அந்த வாரமே பேசத் தொடங்கினேன். அவளுக்குச் சொல்வதற்காக நான் படிக்க வேண்டியிருந்தது, படிக்கப் படிக்க என் உடலையே முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

முதல் வியப்பு, இது வயிற்றில் தொடங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது ஒரு ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக, முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும், வெளிவிடுகிறது. அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி வேறு இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்புகிறது. அவை முட்டைகள் இருக்கும் சினைப்பையை எட்டும்போது சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. மார்பு அரும்புவது அந்த ஈஸ்ட்ரோஜனின் முதல் கையெழுத்து. ஆக, என் மகள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ சில இரவுகளில், அவளுக்கும் தெரியாமல் எனக்கும் தெரியாமல், எல்லாம் தொடங்கியிருந்தது.

தொடங்கியது என்பதுகூடச் சரியில்லை. பிறந்த சில மாதங்களில் இதே அமைப்பு ஒருமுறை விழித்து வேலை செய்கிறது. பிறகு தூங்கப்போய்விடுகிறது. அதை மறுபடி எழுப்புவது எது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கிஸ்பெப்டின் என்ற சிறு புரதத்துக்கு அதில் முக்கியப் பங்கு இருப்பது 2003இல் தெரியவந்தது. அதை ஏற்கும் வாங்கி பழுதாக இருப்பவர்கள் பருவமடைவதில்லை என்று அந்த ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, உணவின் போதாமை, கடும் உடற்பயிற்சி, நீடித்த நோய் எல்லாமே இந்த விழிப்பை முன்னும் பின்னும் தள்ளக்கூடியவை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு சிறுமிகளில் ஒருத்தி மூன்று ஆண்டு முந்துவதும் மற்றவள் பிந்துவதும் இயல்பு என்பதை இரண்டு பேருமே தெரிந்துகொள்ள வேண்டும். முந்தியவளும் தனிமையில் இருக்கிறாள், பிந்தியவளும் தனிமையில் இருக்கிறாள்.

இனி சினைப்பைகள். கருப்பையின் இருபுறமும் ஒவ்வொன்று. முழு வளர்ச்சியில் சுமார் 3 செ.மீ. நீளம், கட்டைவிரலின் நுனி அளவு. அவற்றிலுள்ள முட்டைகளின் கணக்கைத்தான் என் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது ஒரு பெண்ணிடம் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகக் குறைகின்றன. பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியே வருபவை சுமார் 400 மட்டும். மீதி அனைத்தும் சத்தமில்லாமல் கரைந்துபோகின்றன.

"அப்படியென்றால் நான் ஆன முட்டை, நீ பாட்டி வயிற்றில் இருந்தபோதே இருந்ததா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். சிறிது நேரம் நாங்கள் இருவருமே பேசவில்லை.

மனித உடலின் மிகப் பெரிய செல் இந்த முட்டைதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். இருந்தும் பாலூட்டிகளின் முட்டையை முதன்முதலில் ஒருவர் பார்த்து எழுதியது 1827இல்தான். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு நாயின் சினைப்பையில் அதைக் கண்டார். அதற்குள் மனிதர்கள் தொலைநோக்கியால் யுரேனஸ் கோளையே கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். எந்த அறிவு எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஆதங்கம்தான் வருகிறது.

பாடநூல் படங்களில் கருக்குழாய் சினைப்பையோடு ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் நடுவே ஓர் இடைவெளி உண்டு. குழாயின் முனையில் விரல்கள்போல் மெல்லிய இழைகள் இருக்கின்றன. முட்டை வெளிப்படும் சமயத்தில் அவை சினைப்பையின் மேல் அசைந்து அதை உள்ளே வாரிக்கொள்கின்றன. இடப்பக்க முட்டையை வலப்பக்கக் குழாய் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. 10 செ.மீ. சொச்சம் நீளமுள்ள இந்தக் குழாயை 16ஆம் நூற்றாண்டில் விவரித்த இத்தாலியர் ஃபலோப்பியோவுக்கு அதன் வடிவம் எக்காளத்தை நினைவூட்டியது. பெயரிலும் அதையே வைத்தார்.

கருப்பையைப் பற்றி எனக்குத் தெரியாமலிருந்த விஷயம், அது குழந்தைப் பருவத்தில் வேறு வடிவத்தில் இருக்கிறது என்பது. சிறுமியின் கருப்பை சுமார் 3 செ.மீ. நீளம்தான். அதிலும் கீழேயுள்ள கழுத்துப் பகுதியே பெரிது, மேல்பகுதி சிறிது. ஈஸ்ட்ரோஜன் வந்த பிறகு இந்த விகிதம் தலைகீழாகிறது. மேல்பகுதி வளர்ந்து கழுத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக, மொத்தம் 7 அல்லது 8 செ.மீ. ஆகிறது. இது ஒரு நாளில் நடப்பதில்லை. உதிரம் வருவதற்கு முன்னரே பெருமளவு நடந்து முடிகிறது.

இந்தக் காலத்தில் வெளியே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் விடுவதால் எத்தனை சிறுமிகள் தவிக்கிறார்கள் என்று சொல்லி முடியாது. வெள்ளைப்படுதல். முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே உள்ளாடையில் தெளிந்த அல்லது வெண்ணிறக் கசிவு தென்படும். ஈஸ்ட்ரோஜன் யோனியின் உட்சுவரைத் தடிப்பாக்குகிறது, அங்கே ஒருவகைச் சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அதை உண்டு வாழும் நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலத்தன்மைதான் கெட்ட கிருமிகளுக்குக் காவல். அந்த இடம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கான சான்று அது. "வெள்ளை பட்டால் உடம்பு கரைகிறது, எலும்பு உருகுகிறது" என்று சொல்லி வளர்த்தார்கள் எங்களை. அப்படி எதுவும் உருகுவதில்லை. அரிப்போ கெட்ட நாற்றமோ பச்சை நிறமோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், மற்றபடி வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவது அந்தக் காவலைக் கலைத்துவிடும்.

உயரம் வேகமாகக் கூடுவதும் இந்தப் பெதும்பைக் காலத்தில்தான். முதல் மாதவிடாய் வரும்போது அந்த வேகத்தின் உச்சம் கடந்திருக்கும். அதன் பிறகு சராசரியாக இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரைதான் வளர்வார்கள். எலும்புக்கு வலுச் சேர்ப்பதும், பிறகு எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை மூடுவதும் அதே ஈஸ்ட்ரோஜன். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருப்பை, கருமுட்டை, கருக்குழாய், சினைப்பைக்கே இன்னொரு பெயரான கருவகம் என்று நம் சொற்கள் எல்லாமே கருவைச் சுமந்துகொண்டிருக்கின்றன. பத்து வயதுச் சிறுமியிடம் இந்தச் சொற்களைச் சொல்லும்போது, என்றோ பிறக்கக்கூடிய, பிறக்காமலும் போகக்கூடிய ஒரு குழந்தைக்காகத்தான் இவை அவளுக்குள் இருக்கின்றன என்ற எண்ணம் உடனே வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சினைப்பை அவளுடைய எலும்புக்கும் உயரத்துக்கும் தோலுக்கும் இப்போதே வேலை செய்துகொண்டிருக்கிறது. அது முதலில் அவளுடையது.

என் முதல் உதிரம் சிவப்பாக இல்லை. பழுப்பு நிறத்தில், கறைபோல் இருந்தது. இரத்தம் சிவப்பு என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆகவே இது இரத்தம் இல்லை, உள்ளே ஏதோ அழுகிவிட்டது என்று முடிவுசெய்து, உள்ளாடையைச் சுருட்டி ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் யாருக்கும் தெரியாது. மெதுவாகக் கசியும் இரத்தம் காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது, முதல் சில மாதவிடாய்களில் இது மிகச் சாதாரணம். இந்த ஒற்றை வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாட்கள் எனக்கு நேர்ந்திருக்காது. கோபம் இன்னும் போகவில்லை.

அந்த உதிரம் எப்படி வருகிறது என்பதை 1940இல் மார்க்கீ என்ற ஆய்வாளர் விசித்திரமான முறையில் பார்த்தார். கருப்பையின் உட்படலத் துணுக்கைக் குரங்கின் கண்ணுக்குள் பதித்து, கண்ணின் ஒளிபுகும் முன்பகுதி வழியாக அதைக் கவனித்தார். படலத்திலுள்ள சுருள் சுருளான தமனிகள் இறுகுவதும், இரத்தம் கிடைக்காத மேலடுக்கு உதிர்வதும் தெரிந்தது. குரங்கை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அன்று அவர் பார்த்ததுதான் நம் புரிதலின் அடித்தளம். உதிர்வது மேலடுக்கு மட்டும். அடியில் இருக்கும் அடுக்கு அப்படியே இருந்து, தழும்பே இல்லாமல் மீண்டும் வளர்கிறது. "கெட்ட இரத்தம்" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அப்படி ஒன்று இல்லை. அது உடலில் ஓடும் அதே இரத்தமும், வளர்ந்த திசுவும்தான். ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மி.லி., பார்வைக்கு அதைவிட அதிகமாகத் தெரியும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக வராது. இதற்குக் காரணம் தெரிந்தபோது எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்து சில நாள் நீடித்தால், மூளை அதைப் புரிந்துகொண்டு, முட்டையை வெளியேற்றும் ஹார்மோனை ஒரே அலையாக அனுப்ப வேண்டும். இளம் மூளைக்கு அந்தப் பழக்கம் இன்னும் கைவரவில்லை. அதனால் தொடக்கத்தில் பல மாதங்கள் முட்டை வெளிவருவதே இல்லை. முட்டை வெளிவந்தால்தான், அது இருந்த இடம் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும்; கருப்பைப் படலத்தைக் கட்டுக்குள் வைத்து, இரண்டு வாரம் கழித்து ஒழுங்காக உதிரச் செய்யும். அது இல்லாதபோது படலம் தன்போக்கில் வளர்ந்து தன்போக்கில் உதிர்கிறது. இந்த வயதில் பெரும்பாலும் 21 நாட்களிலிருந்து 45 நாட்கள் வரை இருக்கும், எப்போதாவது அதைவிட நீள்வதும் உண்டு. ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால் கேட்க வேண்டும். 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை, 13 வயதாகியும் மார்பு அரும்பவில்லை, அல்லது 8 வயதுக்கு முன்பே அரும்பிவிட்டது என்றாலும் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

அதிக உதிரப்போக்கைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் மென்மையாகப் பேசுவதில்லை. "தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. 1926இல் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர், ஆலாண்டு தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்த வீட்டில் பலருக்கு இரத்தம் எளிதில் உறையாது. அவரிடம் சிகிச்சைக்கு வந்திருந்த சிறுமி, 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அந்த நோய்க்கு இன்று மருத்துவரின் பெயர் இருக்கிறது. மரபுவழி இரத்த உறைவுக் குறைகளில் மிகப் பரவலானது அதுதான், அது இருப்பது பல பெண்களுக்கு முதல் மாதவிடாயில்தான் தெரியவருகிறது. மணிக்கொருமுறை நாப்கின் நனைந்துவிடுகிறது, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது, பெரிய கட்டிகளாக வருகிறது என்று ஒரு சிறுமி சொன்னால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். இன்று அதற்கு மருந்து இருக்கிறது.

வலியும் அப்படித்தான். புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைத் தசையை இறுக்குவதால் அந்த வலி வருகிறது. அதன் உற்பத்தியைக் குறைக்கும் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில், வலி தொடங்கும்போதே எடுத்தால் நன்கு கேட்கிறது. வெந்நீர் ஒத்தடமும் உதவும். எதற்கும் கேட்காமல், பள்ளிக்கே போக முடியாத அளவுக்கு மாதாமாதம் வலித்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற வேறு காரணம் இருக்கலாம். பெண்ணென்றால் வலிக்கும் என்ற சொல்லால் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் நோயைச் சுமந்திருக்கிறார்கள்.

வெளி உறுப்புகளைப் பற்றிப் பேசத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. செய்தித்தாள்களில் "மர்ம உறுப்பு" என்று எழுதிப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு சிறுமி தன் உடலின் ஒரு பகுதியை மர்மம் என்று அழைக்கக் கற்றுக்கொண்டால், அங்கே வலித்தாலோ, யாராவது தவறாகத் தொட்டாலோ எந்தச் சொல்லால் சொல்வாள்? கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: சிறுநீர் வரும் துளை வேறு, யோனி வேறு, மலத்துவாரம் வேறு, மொத்தம் மூன்று. சிறுநீரும் உதிரமும் ஒரே வழியில் வருவதாக நினைக்கும் வளர்ந்த பெண்களையே எனக்குத் தெரியும். யோனி இதழ்கள் இருபுறமும் ஒன்றுபோல் இருக்காது. பருவத்தில் அவை வளர்ந்து நிறம் மாறும். அது குறை இல்லை.

"கன்னித்திரை" என்ற சொல்லைப் போல் பொய் சொல்லும் சொல் வேறு இல்லை. அது திரையும் இல்லை, எதையும் மூடுவதும் இல்லை. யோனியின் வாயிலில் ஓரமாகப் படிந்திருக்கும் மெல்லிய சவ்வு, பிறவியிலேயே ஆளுக்கொரு வடிவம். உதிரம் வெளியேறும் இடைவெளி அதில் ஏற்கனவே இருக்கிறது. மிக அரிதாக ஒரு சிலருக்கு மட்டும் முழுவதும் மூடியிருந்து, மாதாமாதம் வயிற்றுவலி வந்தும் உதிரம் வராது, சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஒரு பெண்ணின் உடலுறவு வரலாற்றை அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து அறிவித்தன. மகளுக்கு இதில் அப்போதைக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன்: ஓடு, குதி, சைக்கிள் ஓட்டு, எதுவும் கெட்டுப்போகாது.

பன்னிரண்டாவது வயதில், ஒரு மாலை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வந்து நின்றாள். "பழுப்பாகத்தான் இருக்கிறது" என்றாள். நாப்கினை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பசித்தது, எனக்குத்தான் கை நடுங்கியது.

அன்று முதல் நாட்காட்டியில் குறித்துவருகிறாள். 38, 29, 51. அந்த ஐம்பத்தொன்றைப் பார்த்து அவள் தோழி பயந்துவிட்டாளாம். "மூளை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன் அம்மா, அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாளைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிவரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, படம் வரைய வெள்ளைத்தாள் எடுக்கப் போனாள்.